பரண் மேல் இருந்த மூன்று பேட்டரிகள்

கண்ணு, உன் அம்மா நன்றாக இருக்கிறாள். மிளகு இந்த வருடம் பரவாயில்லை. மரவள்ளியில் காட்டுப்பன்றி தோண்டியது போக மிச்சம் நமக்கு இருக்கிறது. நான்தான் ஒரு வாரமாகச் சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறிக்கொண்டு போன் பண்ணாதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய். அதை நம்பி நீ இந்த மாதக் கடைசியில் ஒரு கூட்டத்தில் பேசப் போகிறாய். அதற்கு முன்னால் உண்மை உன் கைக்கு வந்து சேர வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு நான் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கூப்பிட்டபோது நான் சோளக்காடு சந்தையில் வாழைத்தார்களை இறக்கிவிட்டு டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். பஸ் கிளம்பும் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "அப்பா, ஒரே ஒரு கேள்விங்ப்பா. பட்டாளத்துல யாராச்சும் பேட்டரிய அடுப்பு மேல வெப்பாங்களா?" என்றாய். "ஏங்கண்ணு?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே விவரம் சொன்னாய். வயர்லெஸ், இருட்டில் பார்க்கும் கண்ணாடி, இருக்கும் இடம் காட்டும் கருவி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன மின்கலப் பெட்டி. சிப்பாயின் சட்டைப்பையில் அடங்கிவிடும். அதற்குள் நீ ஒரு காப்பு வைத்திருக்கிறாய். பெட்டி அளவுக்கு மேல் சூடானால் தானே துண்டித்துக்கொள்ளும், வெளியே ஒரு சிவப்புக் கோடும் காட்டும். ஆறிய பிறகும் அந்தக் கோடு போகாது, எடுக்கிறவன் உஷாராகிவிடுவான். அந்தக் காப்பினால் ஒரு தீப்பெட்டி எடை கூடுகிறது. உங்கள் குழுத் தலைவர் அதை எடுத்துவிடச் சொல்கிறார். 'பயிற்சி பெற்ற சிப்பாய் எவனும் பேட்டரியைக் கொண்டுபோய் அடுப்பு மேல் வைக்க மாட்டான்' என்பது அவர் கட்சி. நீ, 'எங்கப்பா பட்டாளத்தில் வயர்லெஸ்காரர், கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாய்.

நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் யாரும் வெக்க மாட்டாங்க சாமி. சொல்லிக் குடுத்துத்தான அனுப்பறாங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. ஈ வந்தால் கை தானாக விசிறுமே, அப்படி வந்துவிட்டது. நீ, "சரிங்ப்பா. அப்ப எடுத்தரலாம்" என்றாய். இரண்டு வருடமாக நீ மல்லுக்கட்டிச் செய்த காப்பு அது. அப்பா சொல்லிவிட்டார் என்று ஒரே நிமிடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டாய். போனை வைத்துவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். குடிக்க முடியவில்லை. அப்படியே கொட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அடப்பாவி, பெற்ற மகளிடமேவா என்று எனக்கு நானே வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன்.

போனிலேயே மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு தடவை எண்ணை அழுத்தவும் செய்தேன். உன் குரல் கேட்டதும் 'சாப்புட்டயா கண்ணு' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். காகிதம் என்றால் ஓட முடியாது. இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் இல்லை. கூட்டத்தில் உரக்கப் படி. உன்னோடு வேலை செய்கிறவர்கள், உன் தலைவர், மேலிடத்திலிருந்து வருகிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதை முதலில். நானும் காதரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். நான் மலைமேல் ஆலத்தூர் நாடு, அவன் அடிவாரத்தில் சேந்தமங்கலம். அவன் வீட்டில் மளிகைக் கடை இருந்தது. கடையில் உட்காரச் சொன்னால் ஓடிவிடுவான், அதனால் பட்டாளத்துக்கு ஓடி வந்தவன். அவன்தான் என்னை 'மலையா' என்று கூப்பிடத் தொடங்கினான், அப்புறம் பட்டாலியனே அப்படிக் கூப்பிட்டது. வயர்லெஸ் வகுப்பில் நான் முதலாவதாக வந்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உன் தலைவர் 'பயிற்சி பெற்ற சிப்பாய்' என்றாரே, அதற்காகச் சொல்கிறேன். என்னைவிட நன்றாகப் பயிற்சி பெற்றவன் அந்த வருடம் எங்கள் வகுப்பில் இல்லை. பேட்டரியைப் பற்றிப் பரீட்சையில் கேட்ட கேள்வி அத்தனைக்கும் சரியாக எழுதியவன் நான்.

மலைக்காரன், மூச்சு வாங்காது என்று சுமை எல்லாம் என் முதுகில்தான் ஏறும். வயர்லெஸ் பெட்டி ஒன்று, அதில் மாட்டிய பேட்டரி ஒன்று, மாற்று பேட்டரி மூன்று. செங்கல்லைத் துணியில் சுற்றிக் கட்டியது போல இருக்கும். துப்பாக்கி, ரொட்டி, தண்ணீர் எல்லாம் அதற்கு மேல். நீ இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது உன் பெட்டியின் மாதிரி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஒரு கொய்யாப்பழம் கனம்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ அம்மாவிடம், "அப்பாவுக்குப் பெருமை தாங்கல பாருங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தாய். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. பாதி பெருமை. மற்ற பாதி என்னவென்று இப்போது சொல்கிறேன்.

வடக்கே ஒரு பனிமலையில் எங்கள் காவல் நிலை இருந்தது. பத்துப் பேர். உன் அம்மா உன்னை ஆறு மாதம் சுமந்துகொண்டிருந்த சமயம். குளிர் என்றால் நம் மலை மார்கழிக் குளிர் இல்லை. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் பனியை வெட்டி உருக்க வேண்டும். பேட்டரிக்குக் குளிர் ஆகாது. முழுக்க ஏற்றியதுகூட வெளியே கொஞ்ச நேரம் கிடந்தால் செத்தது போல ஆகிவிடும், சூடு காட்டினால் கொஞ்சம் உயிர் வரும். அதனால் கோட்டுக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். படுக்கும்போதும் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரிதான். ஒன்றை அடைகாக்கலாம். மாற்று பேட்டரி மூன்று இருந்தன. புரண்டு படுக்க முடியாது. விலா எலும்பில் குத்தும். பத்து நாளில் எனக்கு வெறுத்துவிட்டது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கூடாரத்துக்குள் புகாரி என்று ஒன்று இருக்கும், மண்ணெண்ணெயில் எரியும் தகர அடுப்பு. ராவும் பகலும் எரியும். எனக்கு நம் பழைய வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது. நம் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் அடுப்புக்கு நேர் மேலே பரண் இருக்கும். சாமை விதை, ராகிக் கதிர், அவரை விதை எல்லாம் அதில்தான் கிடக்கும். மழைக்காலம் பூராவும் வண்டு அண்டாது, பூஞ்சணம் பிடிக்காது. "அடுப்பு மேல இருக்கறது எதுவுங் கெட்டுப் போவாது" என்று எங்கம்மா சொல்லும். வகுப்பில் படித்த புத்தகம் என்ன, பரீட்சையில் எழுதிய பதில் என்ன, எல்லாம் பறந்துவிட்டது. ஒரு பெட்டிப் பலகையைப் பிடுங்கி, புகாரிக்கு மேலே கூடாரத்தின் குறுக்குக் கட்டையில் இரண்டு ஆணி அடித்து, மூன்று பேட்டரியையும் வரிசையாக அடுக்கினேன். தொட்டுப் பார்த்தால் இதமான சூடு. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

எங்கள் சமையல்காரர் செல்லையா, திருநெல்வேலிப் பக்கம். உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னவே மலையா, கருவாடு காயப்போட்டிருக்கீரோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஒருவருக்குக்கூட அது தப்பு என்று படவில்லை. பார்க்க அத்தனை நல்ல யோசனையாக இருந்தது, கண்ணு. இதை நீ கவனிக்க வேண்டும். முட்டாள்தனமாகத் தெரிகிற தப்பை யாரும் செய்ய மாட்டார்கள், கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிற தப்பைத்தான் செய்வார்கள்.

ஒரு வாரம் கழித்து, காலையில் நாலு பேர் ரோந்து போனார்கள். அதில் காதரும் ஒருவன். மேலே உறைந்த பனி, அடியில் ஓடை. காதர் கால் வைத்த இடம் உடைந்து, இடது கால் முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கிவிட்டது. பூட்ஸுக்குள் தண்ணீர் உறைந்துபோனது. அவனைத் தூக்கிக்கொண்டு நிலைக்கு வந்தபோது கால் மரக்கட்டை நிறத்தில் இருந்தது. வானம் வெளுத்திருந்தது, ஹெலிகாப்டர் வரலாம். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிடும், அப்புறம் வராது. நான் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து எங்கள் அடையாளப் பெயரைச் சொன்னேன், நோயாளி என்று சொன்னேன், எந்த இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். பெட்டி நின்றுவிட்டது. மாட்டியிருந்த பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அது ஒன்றும் அதிசயம் இல்லை, அதற்குத்தானே மாற்று வைத்திருக்கிறோம். பலகையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். மூச்சே இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன், அதன் வாயோரத்தில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. சூட்டில் உள்ளே எல்லாம் வெந்து போயிருக்கிறது. காதர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "என்னடா மலையா, வாராங்களா?" என்று கேட்கிறான்.

செல்லையா வெளியே போனார். கோதுமை மாவு மூட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய இரும்புச் சாமானை இழுத்து வந்தார். கையால் சுற்றும் டைனமோ. அந்தக் காலத்துப் பெரிய வயர்லெஸ் பெட்டி ஒன்றும் அதோடு கிடந்தது. யாரும் சீந்தாமல் அதன் மேல் வெங்காயம் வைத்திருந்தோம். நீளக் கம்பியை வெளியே கட்டி, முனை எல்லாம் சுரண்டித் துடைத்து, நானும் அவரும் மாற்றி மாற்றிச் சுற்றினோம். சுற்றினால்தான் மின்சாரம், நிறுத்தினால் பேச்சு நின்றுவிடும். கையுறை போட்டால் பிடி வழுக்கியது, கழற்றிவிட்டுச் சுற்றினேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் குரல் கேட்க மூன்று மணி நேரம் ஆயிற்று. ஹெலிகாப்டர் கிளம்பி வந்தது, மேகத்தைப் பார்த்துத் திரும்பியது, மறுநாள் காலையில்தான் வந்தது. காதர் உயிர் தப்பினான். இடது காலில் மூன்று விரல் போயிற்று. செல்லையாவின் அந்தத் தோள்களை நினைத்து நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். அவர் மட்டும் அந்தச் சாமானைப் பழைய இரும்பு என்று கீழே அனுப்பியிருந்தால் எனக்கு இன்று காதர் இல்லை.

இதுவரைக்கும் தப்பு, கண்ணு. தப்பு யாரும் செய்வார்கள். யானைக்கும் அடி சறுக்கும். இனிமேல் சொல்வதுதான் பாவம். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், அதட்டக்கூட இல்லை. "பேட்டரி எப்படி வீணாச்சு?" என்று கேட்டார். அவர் வருவதற்கு முன்பே நான் பலகையைப் பிடுங்கி உடைத்து எரித்துவிட்டேன். "வந்தப்பவே சரியில்லீங்க சாப்" என்றேன். எனக்கு நாயக் பதவி வர வேண்டியிருந்தது. நீ பிறக்கிற சமயத்துக்கு லீவும் கேட்டிருந்தேன். இரண்டும் போய்விடும் என்று பயம். உன்னைக் காரணம் காட்டுகிறேன் என்று நினைக்காதே, பயந்தவன் நான்தான். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். வந்தபோதே பழுது. அந்தப் பேட்டரிகள் திரும்பப் போயின. புதிது வந்தது. எனக்குப் பதவியும் வந்தது, லீவும் வந்தது. நீ பிறந்த மூன்றாம் நாள் உன்னைக் கையில் ஏந்தினேன். 'அடுப்பின் மேல் வைக்காதே' என்று யாரும் எந்த நிலைக்கும் ஒரு வரி எழுதி அனுப்பவில்லை. எப்படி அனுப்புவார்கள்? அப்படி ஒன்று நடந்ததாகவே எங்கும் இல்லையே.

அடுத்த குளிர்காலம் வேறொரு நிலையில், வேறொரு பட்டாலியனின் வயர்லெஸ்காரர் ஒருவர் இதே வேலையைச் செய்திருக்கிறார். அவருடையது கசியவில்லை, வெடித்துவிட்டது. முகத்துக்கு நேராக. ஒரு கண் போயிற்று. கேன்டீன் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். நான் வரிசையிலிருந்து விலகிப் போய்விட்டேன். பெயர் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயம். அவரும் எங்கேயோ ஒரு மலையில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிய வீட்டில் வளர்ந்தவராக இருந்திருப்பார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு துண்டுக் காகிதம் போய்ச் சேர்ந்திருக்கும். இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தொண்டையில் முள் அதுதான். உன் பெட்டி கையில் இருந்தபோது கலங்கிய மற்ற பாதிக் கண்ணீரும் அதுதான்.

நாட்டுப் பாதுகாப்பு என்று நீங்கள் கோப்புகளில் பெரிய எழுத்தில் எழுதுவீர்கள். எழுத வேண்டியதுதான். எனக்கு அன்று நாடு என்பது அந்த மூன்று பேட்டரிதான். துப்பாக்கி இருந்தது, குண்டு இருந்தது, பத்துப் பேர் சாகத் தயாராக இருந்தோம். 'இங்கே இருக்கிறோம்' என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் வழி இல்லை. அதனால் நீ கேட்காத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். எடையைக் குறைப்பது பெரிய உபகாரம், அதற்காக உனக்கு ஒவ்வொரு சிப்பாயின் முதுகும் நன்றி சொல்லும். ஆனால் எடை குறைந்தால் மட்டும் போதாது. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அந்தப் பெட்டி பொய் சொல்லாமல் காட்ட வேண்டும். என்னுடையது தீரப் போகிறது என்று முதல் நாளே தெரிந்திருந்தால் நான் மாற்றிப் பார்த்திருப்பேன், மற்ற மூன்றும் செத்தது அப்போதே தெரிந்திருக்கும். தடித்த கையுறை போட்ட விரலால் மாட்டவும் கழற்றவும் வர வேண்டும். மூடியைத் திறக்கக் கையுறையைக் கழற்றச் சொன்னால் அதை வடிவமைத்தவரை அங்கே ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் தீர்ந்துபோனாலும் கையால் சுற்றியோ, வெயிலில் காட்டியோ, லாரி பேட்டரியில் கோத்தோ கொஞ்சம் உயிர் ஏற்ற ஒரு வழி வேண்டும். அந்த வழி இருந்ததால்தான் காதர் பிழைத்தான். உங்களுடையது லித்தியம், எங்களுடையதைவிட ரோஷக்காரன், சூடு தாங்காமல் தீப்பிடிக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதைச் சட்டைப்பையில் வைக்கப் போகிறவன் குளிரில் விறைத்துப்போன ஒரு மனிதன். பயிற்சியில் சொன்னது அவனுக்குப் பாதிதான் கைகொடுக்கும். மிச்சப் பாதிக்குப் பிறந்த வீட்டில் என்ன செய்தார்களோ அதைத்தான் செய்வான். ராஜஸ்தான்காரன் ஒரு மாதிரி செய்வான், நாகாலாந்துக்காரன் வேறு மாதிரி செய்வான். அவன் வீட்டில் குளிருக்கு எதை எங்கே வைப்பார்கள் என்று போய்க் கேளுங்கள். அதுவும் ஆராய்ச்சிதான். இன்னொன்றும் சொல்கிறேன், கண்ணு. அப்பா சொன்னார் என்பது சோதனை ஆகாது. பெற்றவன் சொன்னாலும் சுட்டுப் பார்த்துவிட்டு நம்பு.

புதன்கிழமை மிளகு உலர்த்திக்கொண்டிருந்தபோது உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் இதுவரை தெரியாது. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இதுக்குத்தானுங்களா, நம்மூட்டுல பரண் கட்டவே உடல நீங்க? இத்தன வருசமா வெதைய அடுத்தவிய ஊட்டுப் பரண்ல வெச்சு எடுத்தாந்தேனுங்களே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாம்பாட்டுக்குக் கட்டியிருப்பேன், நீங்க பாக்காத பக்கமா" என்றாள். திட்டுகிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கண்ணுக்கு மொதல்ல சொல்லுங்க. அது உங்க பேச்ச நம்பி ஏமாந்து நிக்குது" என்றாள். உன் அம்மா எனக்கு வாய்த்ததற்கு நான் எந்தச் சாமிக்கு என்ன செய்தாலும் தீராது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, சேந்தமங்கலத்தில் காதரின் பேட்டரிக் கடைக்குப் போனேன். அந்தக் கடையில்தான் உனக்குக் கிறுக்குப் பிடித்தது. மூன்றாவது படிக்கும்போது அவன் பழைய எமர்ஜென்சி லைட்டை நீ கழற்றிப் போட்டாய், நான் அடிக்க ஓடி வந்தேன். "உடுடா, அது என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே அதே நாற்காலியில்தான் இருந்தான். இடது செருப்பில் பஞ்சு அடைத்திருக்கும், உனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து ஆதி முதல் அந்தம் வரை சொன்னேன். பலகையை எரித்தது வரைக்கும் வந்து நிறுத்தினேன். அவன் ஒரு வாடிக்கைக்காரரை அனுப்பிவிட்டு, "முடிச்சிட்டயா? டீ சொல்லட்டுமா?" என்றான்.

"காதரு, நான் என்ன சொல்லிட்டிருக்கேன்..."

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா மலையா. நான் எங்க படுத்திருந்தேன்? புகாரிக்குப் பக்கத்துல. மூணு பேட்டரியும் நீ பலகையில இருந்து எடுத்தத பாத்துட்டுத்தான இருந்தேன். சாயங்காலம் பாத்தா பலகையக் காணோம், ஆணி அடிச்ச ஓட்ட மட்டும் ரெண்டு இருக்குது."

"ஏண்டா ஒரு வார்த்த கேக்கல?"

"உங்கையப் பாத்தேன். தோலு உரிஞ்சு தொங்குச்சு. அந்தக் கையோட எனக்குக் கஞ்சி ஊட்டிட்டிருந்த. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது? எனக்கு மூணு விரல் போச்சு, அல்லா புண்ணியத்துல ஏழு இருக்குது. போதும்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடையில் ஆள் பார்க்க அழுதேன். அப்புறம் அந்த இன்னொருவரைப் பற்றிச் சொன்னேன். கண் போனவரைப் பற்றி. காதர் முகம் மாறிவிட்டது. அது அவனுக்குத் தெரியாது. டீ வந்தது, இரண்டு பேரும் தொடவில்லை. "என் காலுக்கு நான் மன்னிச்சிட்டேன். அது என் காலு, நான் மன்னிக்கலாம். அந்த ஆளு கண்ணுக்கு நான் எப்புடிடா மன்னிக்கறது?" என்றான். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருந்தீன்னா நான் எழுதிப் போட்டிருப்பேன். நானும் பாத்துட்டு வாய மூடிட்டிருந்துட்டேன். உன்னைய மட்டும் சொல்லிக் குத்தமில்ல." என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் தாங்கவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு வருத்தத்தைவிட நன்றிதான் பெருகி வருகிறது, நம்புவாயா? இருபத்தெட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதவி கொடுத்தார்கள், பென்ஷன் கொடுத்தார்கள், சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அடுப்பு மேல் பேட்டரி வைப்பார்களா என்று கேட்க, நான் பெற்ற மகளே படித்து ஆளாகி, அதே பேட்டரியைச் செய்கிற இடத்தில் போய் உட்கார வேண்டியிருந்திருக்கிறது. எத்தனை வேலை இருக்கிறது உலகத்தில்! நீ இதைத் தேடிப் போனாய். இரண்டாவது தடவை சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தாய். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது? நீ நல்லா இருக்கோணும் சாமி. உன் கை செய்கிற பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் இரண்டு கண்ணோடும் பத்து விரலோடும் வீடு திரும்ப வேண்டும்.

நான் கிளம்பும்போது காதர் ஒன்று சொன்னான். "எப்படா கூட்டம்? நானும் வாரேன். உம் பேச்ச நம்பலேன்னா செருப்பக் கழட்டிட்டு மேச மேல கால வெக்கறேன்." நான் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். சாயங்காலமே அவன் மருமகனை விட்டு இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான். கூட்டத்துக்கு முதல் நாள் அங்கே வந்து இறங்குகிறோம். உள்ளே விட மாட்டார்கள் என்றால் வாசலிலேயே நிற்கிறோம், நின்று பழக்கப்பட்டவர்கள்தானே. உன் தலைவர் வெளியே வரும்போது ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும். என்னால் உனக்கு அங்கே தலைகுனிவு வரும் என்று தெரியும். வரட்டும் கண்ணு. அந்தக் காப்பை மட்டும் எடுத்துவிடாதே.

வாசலில் காவலரிடம் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லி வை. அங்கே ஒரு நோட்டு இருக்கும், வந்தவர் பெயர், ஊர், வந்த காரணம் என்று கட்டம் போட்டு. என் பெயருக்கு நேரே 'மகளைப் பார்க்க' என்று எழுதச் சொல்லாதே. 'பேட்டரியை அடுப்பு மேல் வைத்த சிப்பாய்' என்று எழுதச் சொல். கையெழுத்து நான் வந்து போடுகிறேன்.

உன் அப்பா